இஞ்சியின் பெயரால்

நாக்கு நல்ல காவற்காரன். காய்ச்சி வடித்த சாராயத்தில் ஒரு துளியைப் பழக்கமில்லாதவன் நாவில் வைத்துப் பாருங்கள்! முகம் சுளிக்கும், கண்ணில் நீர் கோக்கும், தொண்டை, ‘உள்ளே விடமாட்டேன்’ என்று அடைத்துக்கொள்ளும். மேடையில்லை, முழக்கமில்லை, கொடியில்லை. உடலே மறியல் செய்கிறது. அந்த மறியலை முறிக்க மனிதன் அழைத்து வந்த கருங்காலிகள் யார் தெரியுமா? இஞ்சி, சோம்பு, ஏலம், எலுமிச்சை, ஆரஞ்சு! தனியே நின்றால் நல்லவர்கள்தாம். நம் அடுக்களையின் அன்பர்கள்தாம். கூலிக்குப் போன இடத்தில்தான் கருங்காலிகளாயினர்.

மதுவிலக்குச் சொற்பொழிவு மீண்டும் வந்துவிட்டதென்று ஏட்டை மூடிவிடாதீர்கள். மதுவைப் பற்றி நிரம்பப் பேசியாகிவிட்டது. மதுவுக்கு மாட்டிவிடும் சட்டையைப் பற்றியே நான் பேச வந்தேன். அந்தச் சட்டையைப் பார்த்து ஏமாந்த ஒருவரை, என் குடும்பத்திலேயே, நான் அருகிருந்து பார்த்தவன்.

முதலில் சட்டை தைக்கும் தொழிலைத் தெரிந்துகொள்வோம். அதில் மாயம் ஏதுமில்லை. தண்ணீரில் கரைய மறுக்கும் நறுமண எண்ணெய்கள் சாராயத்தில் எளிதிற் கரையும். சோம்பின் எண்ணெய், ஆரஞ்சுத் தோலின் எண்ணெய், இஞ்சியின் காரப் பிசின், எல்லாம் அப்படியே. சோம்பு ஊறிய மதுவில் சிறிது தண்ணீர் ஊற்றினால் அது பாலாய் வெளுக்கும். சாராயத்தின் வலிமை குறைந்ததும், கரைந்திருந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நிற்பதே காரணம். நம் ஊர்ச் சாமியார் ஒருவன் கையில் இது கிடைத்திருந்தால், தண்ணீரைப் பாலாக்கிய அற்புதம் என்று ஊரைக் கூட்டியிருப்பான், உண்டியலும் நிறைந்திருக்கும்! மருந்து செய்வோர் சாராயத்தை நாடியதற்கும் இதுவே காரணம். வேரின் சாறும் இறங்கும்; பல்லாண்டு கெடாமலும் இருக்கும். ஆகவே குற்றம் வேதியியலில் இல்லை. புட்டியின்மேல் ஒட்டும் பெயரில்தான் இருக்கிறது.

பெயர் சூட்டுவதில் முதற்பரிசு மடத்துக்கு. 1605-இல் பிரெஞ்சுத் தளபதி ஒருவர், நீண்ட ஆயுள் தரும் அமுதத்தின் செய்முறை என்று ஒரு கையெழுத்துச் சுவடியைப் பாரிசின் அருகே இருந்த கார்த்தூசியத் துறவியரிடம் கொடுத்தார். 1737-இல் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள அவர்களுடைய தலைமை மடத்தில் அது மருந்தாக உருவெடுத்தது. ஷார்த்ரூஸ் என்று இன்றும் உலகெங்கும் விற்கிறது. 130 மூலிகைகள் சேர்ந்தது என்று கண்களை அகல விரித்துச் சொல்வார்கள். பச்சை நிறப் புட்டியில் சாராயம் 55 விழுக்காடு என்பதை அப்படி வியந்து சொல்வாரைக் காணோம். துறவிகள் கள்ள வாணிகர் அல்லர். மருந்தென்றே நம்பிச் செய்தனர். ஆனால், நம்பிக்கை கலந்தால் சாராயத்தின் அளவு குறைந்துவிடுமா?

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே ஏழையின் தலையில் விடிந்தது. 1690-இல் தானியச் சாராயம் காய்ச்சுவதற்கு இருந்த தடைகளைத் தளர்த்தினார்கள். நிலப்பிரபுவின் தானியம் விலைபோக வேண்டுமல்லவா? ஹாலந்தில் மருந்தாகத் தொடங்கிய ஜூனிப்பர் மணச் சாராயம் ‘ஜின்’ என்ற பெயரில் லண்டன் சேரிகளிற் பாய்ந்தது. ஜூனிப்பர்க் காய்க்குச் செலவாகுமே என்று, வண்ணப்பூச்சில் கலக்கும் டர்ப்பன்டைனை மணத்துக்குச் சேர்த்தவரும் உண்டு! 1736-இல் உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 50 பவுன் என்று சட்டம் வந்தது, கலகம் மூண்டது, கள்ள விற்பனை பெருகியது. 1751-இல் ஹோகார்த் வரைந்த ‘ஜின் சந்து’ ஓவியத்தில், போதையில் சிரிக்கும் தாயின் மடியிலிருந்து குழந்தை தலைகீழாய் விழுந்துகொண்டிருக்கிறது. ஓவியர் நூறு மேடைப் பேச்சை ஒரே தாளில் அடக்கிவிட்டார்.

ஆயினும், மணத்தின் சூழ்ச்சியை முழுதாகக் காண விரும்புவோர் அப்சிந்தின் வழக்கைப் படிக்க வேண்டும். நம் பூக்கடையில் மணக்கும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த கசப்புச் செடி ஒன்று ஐரோப்பாவில் வளர்கிறது. அதையும் சோம்பு வகைகளையும் ஊறவைத்து வடித்த பச்சை மதுவே அப்சிந்து. சுவிட்சர்லாந்தில் மருந்தாகத் தோன்றியது. அல்ஜீரியாவுக்குப் படையெடுத்துச் சென்ற பிரெஞ்சுச் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் தடுப்பாகக் கொடுக்கப்பட்டது. சிப்பாயோடு ஊர் திரும்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திராட்சைத் தோட்டங்களைப் பூச்சி அழித்தது. ஒயின் விலை ஏறிற்று. பீட்ரூட்டிலிருந்தும் தானியத்திலிருந்தும் ஆலையில் வடித்த மலிவுச் சாராயம், மூலிகைச் சட்டை மாட்டிக்கொண்டு உழைப்பாளியின் மேசைக்கு வந்தது. அதன் வலிமை எவ்வளவு? பெரும்பாலும் 45 முதல் 70 விழுக்காட்டுக்கு மேல் வரை!

குடித்தவர் கெட்டனர், உடனே ஆராய்ச்சி தொடங்கியது. வாலன்டின் மாஞான் என்னும் பாரிஸ் மனநல மருத்துவர், கினிப்பன்றி ஒன்றைச் சாராய ஆவியிலும், இன்னொன்றைக் கசப்புச்செடி எண்ணெயின் ஆவியிலும் வைத்துப் பார்த்தார். முன்னது மயங்கிற்று, பின்னது வலிப்பு வந்து துடித்தது. ‘கண்டீர்களா, நஞ்சு செடியில்தான் இருக்கிறது!’ என்றனர். எண்ணெயைத் தனியே பிழிந்தெடுத்துக் கொடுத்த அளவென்ன, ஒரு கோப்பை மதுவில் உள்ள அளவென்ன? ஒரு மூட்டை மிளகாயைத் தின்று மாண்டவனைக் காட்டிச் சாம்பாரை நஞ்சென்று சொல்வது போன்ற வாதம் அது.

1905 ஆகஸ்டு 28. சுவிட்சர்லாந்தின் கொம்முஞி என்னும் சிற்றூரில் ழான் லான்ஃப்ரே என்ற உழைப்பாளி, கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்தது என்ன? இரண்டு கோப்பை அப்சிந்து, அதோடு லிட்டர் கணக்கில் ஒயின், அதோடு பிராந்தி. விசாரணையில் கூண்டேறியது எது? அந்த இரண்டு கோப்பை! ஒயின் சாட்சிக்கூடக் கூப்பிடப்படவில்லை. பல்லாயிரவர் கையொப்பமிட்டனர்; 1908 ஜூலை 5 அன்று நாடே வாக்களித்து அப்சிந்தை விலக்கியது; 1910-இல் தடை நடைமுறைக்கு வந்தது. 1915-இல் பிரான்சும் தடுத்தது. அங்கே மதுவிலக்காளரும் ஒயின் முதலாளிகளும் தோளோடு தோள் நின்றார்கள். விந்தையான கூட்டணி! ஒருவர் குடியை ஒழிக்க நின்றார். மற்றவர் போட்டியாளனை ஒழிக்க நின்றார். வென்றவர் எவர் என்று சொல்லவும் வேண்டுமா? 1932-இல் மார்செய் நகரில் பஸ்தீஸ் என்ற புது மது விற்பனைக்கு வந்தது. அதே சோம்பு மணம், தண்ணீர் விட்டால் அதே பால் வெளுப்பு. கசப்புச் செடி மட்டும் இல்லை.

தடைக்கு முன் அடைத்து, முத்திரை குலையாமல் இருந்த 13 பழம்புட்டிகளை ஆராய்ந்து அறிவியலார் 2008-இல் முடிவு வெளியிட்டனர். நஞ்சென்று பழிக்கப்பட்ட துஜோன், சராசரியாக லிட்டருக்கு 25 மில்லிகிராம். இன்று ஐரோப்பா அனுமதிக்கும் அளவுக்குள்தான் நின்றது. கெடுத்தது சாராயமே என்பது அவர்கள் முடிவு. சுவிட்சர்லாந்து 2005-இலேயே தடையை நீக்கிவிட்டது. சட்டையைத் தூக்கிலிட்டார்கள், சட்டைக்குள் இருந்தவன் தொண்ணூறு ஆண்டுகள் வேறு சட்டையில் உலா வந்தான்!

பெயரை நம்பியதற்குக் காலை விலையாகக் கொடுத்த மக்களும் உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மருந்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஜமைக்கா இஞ்சிச் சாறு என்று சின்னஞ்சிறு புட்டியில் ஒரு வயிற்று மருந்து. உள்ளே நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சாராயம். அரசு விழித்துக்கொண்டது. குடிக்கவே முடியாதபடி இஞ்சிச் சத்தைக் கூட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. ஆய்வாளர் புட்டியைக் காய்ச்சி, சாராயம் ஆவியானபின் எஞ்சும் சக்கையை நிறுத்துப் பார்ப்பார். நிறை சரியாக இருந்தால் மருந்து. அவ்வளவுதான் சோதனை! வாணிகன் சும்மா இருப்பானா? இஞ்சியைக் குறைத்துவிட்டு, எடைக்கு விளக்கெண்ணெயைக் கலந்தான். விளக்கெண்ணெய் விலை ஏறியதும் வேறு பொருள் தேடினான். மெருகுப்பூச்சுத் தொழிலில் பயன்படும், மணமும் சுவையும் இல்லாத ஓர் எண்ணெய் கிடைத்தது. ட்ரை ஆர்த்தோ கிரெசில் பாஸ்பேட் என்பது அதன் பெயர். எடை சரியாக இருந்தது, சோதனையில் தேறியது, கடைக்கு வந்தது. 1930-இன் தொடக்கத்தில் ஓக்லஹாமா நகரில் மருத்துவர்கள் திகைத்து நின்றனர். நன்றாக நடந்தவர்களின் பாதங்கள் துவண்டு தொங்கின. முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் அறைந்து அறைந்து நடந்தார்கள். பல்லாயிரவர், பெரும்பாலோர் ஏழை உழைப்பாளர், பலர் மீளவேயில்லை. அந்த நடையைப் பற்றிக் கருப்பினப் பாடகர்கள் அந்த ஆண்டே இசைத்தட்டில் பாடினார்கள். நஞ்சைக் கலந்தவர்களுக்கு முதலில் விதித்த தண்டனை, ஆளுக்கு 1000 டாலர் அபராதமும், நிறுத்திவைத்த இரண்டாண்டுச் சிறையும். நீதியின் தராசும் அந்த ஆய்வாளரின் தராசைப் போன்றதுதான் போலும்!

அமெரிக்க இஞ்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணத்து இஞ்சியே நினைவுக்கு வரும். நம் மாநிலத்திலும் மதுவிலக்கு இருந்தது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971 வரை நின்றது. அந்த நாளில் மருந்துக்கடைகளில் இஞ்சி டிங்சர் கிடைக்கும். வாய்வுக்கும் செரியாமைக்கும் சில துளி நீரிற் கலந்து கொடுப்பது. 90 விழுக்காட்டுச் சாராயத்தில் இஞ்சியை ஊறவைத்துச் செய்வது. மருந்திலும் ஒப்பனைப் பொருளிலும் ஒளிந்திருக்கும் சாராயத்துக்கென்றே 1955-இல் நாடாளுமன்றம் தனி வரிச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்றால், ஒளிந்திருந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என் தாய்மாமன் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஈய எழுத்துகளை அறைப்பெட்டியிலிருந்து பொறுக்கும் அவர் விரல்களைச் சிறுவனாகிய நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். கோழி தானியம் கொத்துவது போன்ற வேகம். தெருக்கோடியில் படிப்பகம் நடத்தியவர். பேய் ஓட்டுபவனிடம் வழக்காடியவர். அத்தை குழந்தைக்குக் கட்டிய தாயத்தை அறுத்து, உள்ளே இருந்த தகட்டைத் திண்ணையில் வைத்து, ‘இதுவா நோயைத் தடுக்கும்? படித்துக் காட்டு!’ என்று கேட்டவர். குடிகாரரைக் கண்டால் ஒதுங்குவார். சாராயம் என்ற சொல்லையே வீட்டில் சொல்ல விடமாட்டார்.

1958 வாக்கில் வயிற்றில் வாய்வென்று டிங்சர் வாங்கத் தொடங்கினார். சில துளி, ஒரு மூடியாயிற்று. மூடி, ஒரு புட்டியாயிற்று. அந்தக் காலத்தில் காலி மருந்துப் புட்டியின் மூடியில் துளையிட்டுத் திரி செருகி, மண்ணெண்ணெய் ஊற்றி விளக்காக்குவார்கள். அத்தை வீட்டுக்கு மூன்று விளக்குச் செய்தார், பிறகு பக்கத்து வீட்டுக்கு, பிறகு எதிர்ச்சாரிக்கு. ‘தெருவுக்கே விளக்கேற்றி வைத்தவர் உன் மாமா’ என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

‘நானா சாராயம் குடிக்கிறேன்? சீட்டைப் படித்துப் பார், மருந்து!’ என்பார் மாமா. தாயத்தின் தகட்டைப் படித்துக் காட்டச் சொன்ன அதே வாய்! தகட்டில் எழுதியிருந்ததை நம்பாதவர், புட்டியில் ஒட்டியிருந்ததை நம்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மந்திரத்தை எதிர்க்கக் கற்றுக்கொண்டவருக்கு மருந்துக்கடைச் சீட்டை எதிர்க்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அறிவியலின் உடை உடுத்தி வந்தது எதுவும் அறிவியலே என்று எண்ணிய தலைமுறை அது. அதோடு, இஞ்சி மணந்தது. அந்த மணம் அவர் தாயார் காய்ச்சித் தந்த கசாயத்தின் மணம். நாக்கு எப்படி மறியல் செய்யும்?

விரல் நடுங்கத் தொடங்கியது. கோத்த வரிகளில் ஒற்றெழுத்துகள் விழுந்தன. ‘மக்கள்’ ‘மகள்’ ஆயிற்று. அச்சக முதலாளி இரக்கமுள்ளவர். எழுத்துக் கோப்பதை நிறுத்தித் தாள் மடிக்கும் வேலை கொடுத்தார். அன்று மாமா வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். 1965-இல் வயிறு பெருத்து, கண் மஞ்சளாகி, மருத்துவமனைக்குப் போனோம். ‘சாராயப் பழக்கம் உண்டா?’ என்று மருத்துவர் கேட்டார். ‘கிடையாது’ என்றார் மாமா. பொய் சொல்லவில்லை, அப்படியே நம்பினார். அத்தை வாய் பேசாமல், மடியிலிருந்து ஒரு காலிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மருத்துவர் முகர்ந்து பார்த்தார். ஊரெல்லாம் இழிவாகப் பேசும் கள்ளில் சாராயம் ஐந்தாறு விழுக்காடு. மதிப்போடு வாங்கிய இந்தப் புட்டியில் அதைப்போல் பதினைந்து மடங்கு என்று அவர் கணக்குச் சொன்னபோது, மாமா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த ஆண்டு தை மாதம் இறந்தார், வயது 44.

புலவர் நண்பர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார்: ‘பழந்தமிழர் குடிக்கவில்லையா? தேறலும் நறவும் தோப்பியும் சங்கப் பாட்டில் இல்லையா?’ உண்டு, மறைப்பானேன்? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்ததும் குடி இருந்ததனால்தானே! ஆனால், அவை ஊறிப் புளித்தவை. நொதி எவ்வளவு முயன்றாலும் பதினைந்து விழுக்காட்டை எட்டுவதற்குள் தன் சாராயத்தாலேயே தானும் பெரும்பாலும் மடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்ட அடுப்பும் வடிகுழாயும் தேவை. வடித்த பிறகுதான் நாக்கு எரிகிறது. எரிந்த பிறகுதான் சட்டை தேவைப்படுகிறது. வெள்வேலம்பட்டையும் வெல்லமும் ஊறவைத்துக் காய்ச்சிய நம் பட்டைச் சாராயமும், எரிச்சலுக்கு ஒரு மணத்தைத் துணை சேர்த்ததுதான்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். நம் மாநிலத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அலமாரியில் பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா என்று நான்கு சாதி! நான்கு சாதிக்கும் பிறப்பிடம் எது? நம் நாட்டு மலிவு வகைகளிற் பெரும்பாலானவற்றுக்கு, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகே தாய். மணமும் நிறமும் நீங்க வடித்த சாராயம் அது. அதில் கருக்கிய சர்க்கரையால் நிறம் ஏற்றி, ஒரு மணச்சாறு விட்டால் பிராந்தி. வேறொரு மணச்சாறு விட்டால் விஸ்கி. கழிவுப்பாகில் வடித்ததை விஸ்கி என்று விற்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. தானியத்தில் வடித்ததே விஸ்கி என்பது அங்குள்ள விதி. பிராந்தி உடலுக்குச் சூடு, ரம் குளிருக்கு நல்லது, வோட்கா நெடியடிக்காது என்று நம் மக்கள் குணநலன் பிரித்துப் பேசுகிறார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவற்றுக்குள் உயர்வு தாழ்வு கற்பிப்பதில் நமக்கிருக்கும் திறமை இங்கும் பயன்படுகிறது!

இப்போது பழங்களின் முறை. பச்சை ஆப்பிள், ஆரஞ்சு, எலுமிச்சை என்று மணமூட்டிய வோட்கா. சென்ற ஆண்டு ஒரு திருமண மண்டபத்தின் பின்புறம், பேரனின் நண்பர்கள் சிலர் புட்டியும் கையுமாக நின்றார்கள். இருபத்தொரு வயது இருக்கும். என்னைக் கண்டதும் மறைக்கப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் துணிவோடு, ‘தாத்தா, இது சரக்கு இல்லை, ஆப்பிள்’ என்றான். கையை நீட்டினேன், கொடுத்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சீட்டின் மூலையில் இருந்த எண்ணைத் தேடிப் படித்தேன்: 42.8 விழுக்காடு. ‘அவ்வளவா?’ என்று அந்தப் பிள்ளை மெய்யாகவே வியந்தான். மூன்று புட்டி முன்பே காலியாகிக் கிடந்தது.

சாராயம் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 1988-இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆப்பிள் மணம் அதை மாற்றவில்லை. புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் அச்சிடுகிறார்கள், நல்லது. ஆனால், அந்தச் சீட்டை அளந்து பார்த்தேன். பழத்தின் படம் உள்ளங்கையில் பாதி, 42.8 என்னும் எண் எறும்பளவு. இரண்டையும் இடம் மாற்றி அச்சிடச் சொல்லி ஒரு விதி வரட்டும். படத்தை அழிக்க வேண்டாம். ஆப்பிளை எறும்பளவாக்கி, எண்ணை உள்ளங்கையில் பாதியாக்கினால் போதும். எழுத்துக் கோப்பவர் வீட்டில் வளர்ந்தவன் நான். பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் கூலி ஒன்றுதான் என்பதை அறிவேன்.